முன்னது பின்னாயது: கார்வெட் வண்டியின் புதுக்கோலம்

மக்கள் உள்ளத்தில் நெடுநாள் குடிகொண்ட ஒரு பொருளைத் திருத்தியமைக்கப் புகுவோன் இருவகைப் பழிக்கும் ஆளாவான். திருத்தினால், ‘இருந்ததையும் கெடுத்தான்’ என்பர். திருத்தாது விடின், ‘இருந்தவிடத்திலேயே உறங்கினான்’ என்பர். முன்னோர் கட்டிய வீட்டைப் புதுப்பித்தோரும், பாடத்திட்டத்தை மாற்றினோரும் இதனை நன்கறிவர். அமெரிக்க நாட்டிற் கார்வெட் என்னும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து வருவோர் இவ்விரு பழிகளுக்குமிடையே அறுபது ஆண்டுகளுக்கு மேல் தடுமாறிப் பின்னர், 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் நாள் கலிபோர்னியா மாகாணத்து டஸ்டின் நகரில் முதற்பழியையே துணிந்து ஏற்றனர். அதுகாறும் ஓட்டுவோனுக்கு முன்னே வீற்றிருந்த யந்திரம் அன்று அவன் முதுகுக்குப் பின்னே வைக்கப்பெற்றுக் காட்சியளித்தது.

இச்செய்தி நம் ஆண்டு மலருக்கு எற்றுக்கு என வினவும் அன்பர் சிலர் இருத்தல் கூடும். பாடநூலாசிரியர் பெயரை மறப்பினும் மோட்டார் வண்டிகளின் பெயரை மறவாத மாணவர் எல்லாத் தலைமுறையிலும் உளர். அவர்க்கு நாம் விடையிறுக்க வேண்டுவதில்லை. ஏனையோர்க்கு ஒன்று கூறுவோம். பழமையைப் போற்றுதல் நன்றென்று யாவரும் ஒப்புகின்றனர். ஆனால், பழமையில் எதனைப் போற்றுதல் என்று கேட்டால் ஆளுக்கொன்று கூறுகின்றனர். அவ்வினாவை இரும்பிலும் கண்ணாடி இழையிலும் வடித்துக் கண்முன் நிறுத்தியதுபோல் இவ்வண்டியின் வரலாறு விளங்குகிறது. நாம் இவ்வண்டியை ஓட்டினேமல்லேம். ஓட்டுவோம் என்ற நம்பிக்கையும் நமக்கில்லை. ஆகவே பின்வருவது ஓட்டியறிந்தவர் கூற்றன்று. வரலாற்றைப் படித்து எண்ணியவர் அபிப்பிராயமே என்று வாசகர் கொள்வாராக.

முதற்கண் அதன் பிறப்பைச் சொல்லுவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவினின்றும் மீண்ட அமெரிக்கப் போர்வீரர் பலர் இங்கிலாந்தின் சிறிய விரைவு வண்டிகளிற் காதல் கொண்டு திரும்பினர். அவ்வகை வண்டி ஒன்று தம் நாட்டிலும் வேண்டுமென்று எண்ணியவர் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைமை உருவமைப்பாளர் ஹார்லி ஏர்ல் என்பவர். அவர் எண்ணத்தில் உதித்த வண்டி 1953-ஆம் ஆண்டு ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்த கண்காட்சியில் வைக்கப்பெற்றது. கண்டார் யாவரும் வியந்தனர். அவ்வாண்டிலேயே மிச்சிகன் மாகாணத்துப் பிளிண்ட் நகரில் 300 வண்டிகள் பெரும்பாலும் கையாலேயே செய்யப்பெற்றன. எல்லாம் வெள்ளை நிறம். உள்ளே எல்லாம் சிவப்பு. எஃகுத் தகட்டை அடித்து உருவாக்கும் அச்சுகளுக்குக் காலமும் பொருளும் மிகுதியும் வேண்டுமாதலால், உடல் முழுவதும் கண்ணாடி இழையாற் சமைக்கப்பெற்றது.

கோலம் இவ்வாறு அழகாயிருப்ப, உள்ளுறுப்போ வேறாயிருந்தது. ஷெவர்லே குடும்ப வண்டிகளுக்குரிய ஆறு சிலிண்டர் யந்திரமே சிறிது முறுக்கேற்றப்பட்டு 150 குதிரைச்சக்தி தருமாறு இதனுள் வைக்கப்பெற்றது. கியரோ தானே மாறும் வகையினது. அதிலும் இரண்டே படிகள். பந்தயக் குதிரையின் தோலைப் போர்த்த வீட்டுக் குதிரை என்று சொல்லத்தகும். வாங்குவோர் அதனை விரைவில் உணர்ந்தனர். 1954-இல் 3,640 வண்டிகள் செய்யப்பெற்று, அவற்றுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விலைபோகாமல் நின்றது. 1955-இல் 700 வண்டிகளே செய்தனர். அவ்வாண்டில் போர்டு கம்பெனியார் தண்டர்பேர்டு என்னும் வண்டியை வெளியிட்டுப் போட்டிக்கு வாராதிருந்தால், கார்வெட் என்னும் பெயர் அப்பொழுதே மாய்ந்திருக்கும். பகைவனால் உயிர் பிழைத்தவர் கதைகள் நம் நாட்டிலும் உளவன்றோ.

அந்நாளிலேதான் ஜோரா ஆர்கஸ்-டண்டோவ் என்பார் கதையிற் புகுகின்றார். ரஷ்யப் பெற்றோர்க்கு 1909-இல் பெல்ஜியத் தலைநகரிற் பிறந்து, ஜெர்மனியில் யந்திரக்கலை பயின்று, போரின் கொடுமையினின்றும் தப்பி அமெரிக்கா சேர்ந்தவர் அவர். வால்டார்ப் கண்காட்சியில் கார்வெட்டைக் கண்டு, அதன் அழகில் மயங்கி, ஷெவர்லே பகுதியாருக்குக் கடிதம் விடுத்து, 1953-ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே வேலையில் அமர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில், இளைஞர் உள்ளத்தைக் கவர ஷெவர்லே செய்யத்தக்கவை யாவை என்று மேலோர்க்கு ஒரு குறிப்பெழுதினார். தாம் சொன்னதைச் செய்துங் காட்டினார். 1955-இல் வி வடிவில் எட்டுச் சிலிண்டர்கள் கொண்ட யந்திரம் கார்வெட்டில் வந்தது. 1956-ஆம் ஆண்டு ஜனவரியில் டேடோனாக் கடற்கரை மணலில் அவர் தாமே ஓட்டி மணிக்கு 150 மைல் வேகங் கடந்தார். 1957-இல் எரிநீரைப் பீச்சியுட்டும் முறையும் வந்தது. வீட்டுக் குதிரை மெய்யான பந்தயக் குதிரையாயிற்று.

ஆயினும் டண்டோவுக்கு அமைதி இல்லை. யந்திரம் முன்னே இருக்கும்வரை இவ்வண்டி ஓர் எல்லைக்கு மேற் செல்லாது என்பது அவர் துணிபு. இதன் காரணத்தைச் சற்று விளக்குதல் வேண்டும். ஏனெனில் பிற்காலத்து வழக்குரை அனைத்தும் இதனைச் சுற்றியே எழுந்தன.

நம் ஊர் வண்டிக்காரர் ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். மோட்டார் வண்டி விரைந்து புறப்படும்போது அதன் பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. உந்துவன பின்சக்கரங்களாயின், அவற்றின்மேற் பாரம் மிகுந்திருந்தாலன்றி அவை தரையைப் பற்றா. வீணே சுழன்று புகையும். யந்திரம் முன்னிருப்பின் பாரமும் முன்னேயே நிற்கிறது. ஆகலின் யந்திரத்தின் வலிமை ஏற ஏற, அவ்வலிமை தரைக்குச் சென்று சேராமல் வீணாகிறது. இஃதொன்று. மற்றொன்று திரும்புதலைப் பற்றியது. காவடித் தண்டின் இரு நுனியிலும் சுமையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவன் சட்டென்று திரும்பிப் பார்க்கட்டும். சுமை அவனைத் திரும்பவிடாது, திரும்பத் தொடங்கியபின் நிற்கவும் விடாது. அச்சுமையையே மார்போடணைத்துக்கொண்டு திரும்பினால் எளிதாகும். யந்திரத்தை இருக்கைக்கும் பின்னச்சுக்குமிடையே வைத்தல், சுமையை உடலோடணைத்தல் போன்றது. பந்தய வண்டிகள் செய்வோர் இவ்வுண்மையை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐயத்திற்கிடமின்றிக் கண்டுகொண்டனர்.

டண்டோவ் 1960-இல் யந்திரம் பின்னுள்ள சோதனை வண்டி ஒன்று செய்தார். 1964-இல் இன்னொன்று செய்தார். பின்னரும் செய்தார், அவற்றுள் ஒன்று 1970-இல் நியூயார்க் கண்காட்சியில் வைக்கப்பெற்று, அடுத்த கார்வெட் இதுவே என்று பலரையும் நம்பச் செய்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மேலிடத்தார் கையை விரித்தனர். அவர் கூறிய காரணம் எளிது: உள்ள வண்டியே விலையாகிறது, ஏன் செலவு செய்தல் வேண்டும்? டண்டோவ் 1975 தொடக்கத்தில் ஓய்வு பெற்றார். அவ்வாண்டில், புகை பற்றிய சட்டங்களின் இறுக்கத்தால், சாதாரணக் கார்வெட்டின் சக்தி 165 குதிரைச்சக்தியாகச் சுருங்கியிருந்தது. ஆனால் விற்பனை சுருங்கவில்லை, பெருகிற்று. 1979-இல் 53,807 வண்டிகள் செய்யப்பெற்றன. வலியிழந்த காலத்தில் விற்பனை உச்சத்தைத் தொட்டதென்பது சிந்திக்கத்தக்கது. மக்கள் அன்று வாங்கியது யந்திரத்தையன்று, நீண்ட மூக்கையும் பெயரையும் என்று நாம் கருதுகிறோம். மேலிடத்தாரை முற்றிலும் பழித்தல் முறையன்று. வாங்குவோர் கேளாததை விற்பவர் எவ்வாறு செய்வர்?

டண்டோவ் 1996-ஆம் ஆண்டு ஏப்ரலில் தமது 86-ஆம் வயதிற் காலமானார். அவர் சாம்பல் கென்டக்கி மாகாணத்துப் பௌலிங் கிரீன் நகரிலுள்ள கார்வெட் காட்சிசாலையில் வைக்கப்பெற்றிருக்கிறது. 1981 முதல் கார்வெட் செய்யப்படும் தொழிற்சாலை அதற்கு அண்மையிலேயே உள்ளது.

இனி, மாற்றமெல்லாம் 2019-இல்தான் வந்ததென்றும், அதுவரை கார்வெட் தன் முன்னோர் வழியிலேயே ஒழுகிற்றென்றும் சிலர் பேசுகின்றனர். அஃது உண்மையன்று. 1963-இல் ஸ்டிங் ரே என்னும் புதிய உருவம் வந்தபோது, பின்கண்ணாடியை நடுவே ஒரு முதுகெலும்பு பிளந்து நின்றது. உருவமைப்பின் தலைவர் பில் மிட்செல் அதனை உயிரெனக் கருதினார். பின்னே வருவதைப் பார்க்கவொட்டாமல் மறைக்கிறதென்று டண்டோவ் வெறுத்தார். 1964-இல் முதுகெலும்பு நீங்கிற்று. இன்று அந்த ஓராண்டு வண்டிக்கே பெருமதிப்பு! 1963 முதல் மறைந்திருந்து எழும் முகவிளக்குகள் 2005-இல் வெளிப்படையாய் நின்றபோது கூக்குரல் எழுந்தது. வட்டமான பின்விளக்குகள் நான்கு 1961-இல் வந்தவை. 2014-இல் அவை கோணமாக மாறியபோது, அதே கம்பெனியின் மலிவான வண்டியின் சாயல் படிந்துவிட்டதென்று பலர் புலம்பினர். எட்டுச் சிலிண்டரும், ஒளிந்த விளக்கும், வட்ட விளக்கும் ஒரு காலத்திற் புதுமையாய் வந்தவையே. நேற்றைய புதுமையை இன்று மரபென்று காப்போர், தம் பாட்டனார் அதனை எதிர்த்தாரென்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்யந்திரக் கார்வெட்டின் கடைசிக் கட்டத்தையும் சொல்லுதல் வேண்டும். 1997 முதல், யந்திரத்தை முன்னேயும் கியர் பெட்டியைப் பின்னேயும் வைத்து, இரண்டையும் ஒரு நீண்ட குழலால் இணைத்தனர். பாரம் இருபுறமும் ஒத்து நின்றது. அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. எனினும் நாம் முன்னே சொன்ன காவடித் தண்டே அது. 2019-ஆம் ஆண்டின் பெருவலி வண்டி 755 குதிரைச்சக்தி உடையது. அதன் யந்திரத்தின் மேலமைந்த காற்றழுத்தக் கருவி பானெட்டைத் துளைத்துக்கொண்டு மேலே நீட்டி நின்றது. ஓட்டுவோன் அதற்கப்பால் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பின்சக்கரங்களோ அத்தனை வலியையும் தரைக்குச் செலுத்தமாட்டாமல் திணறின. டண்டோவ் கூறிய எல்லை வந்தேவிட்டது. இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே இடத்தை மாற்றக் கருதியிருந்தும், 2009-ஆம் ஆண்டு ஜூனில் கம்பெனியே திவாலுக்கு மனுச்செய்யும் நிலை வந்ததால் அக்கருத்து ஒத்திவைக்கப்பட்டது.

தலைமைப் பொறியாளர் டாட்ஜ் ஜூக்டர் என்பவர் மேற்பார்வையில் வந்த புதுவண்டியை இனி நோக்குவோம். 6.2 லிட்டர் அளவுள்ள வி-எட்டு யந்திரம் இருக்கைக்குப் பின்னே அமர்ந்தது. 490 குதிரைச்சக்தி, புகைப்போக்கியை மாற்றினால் 495. தக்க உறுப்புகளோடு வாங்கினால், நின்ற நிலையினின்று மணிக்கு 60 மைல் வேகத்தை 3 செகண்டுக்குள் எய்தும். விலை 59,995 டாலரிலிருந்து தொடங்கிற்று. முந்திய வண்டியின் தொடக்க விலைக்குச் சில ஆயிரமே மிகுதி. யந்திரம் இவ்விடத்தில் அமைந்த இத்தாலிய வண்டிகளின் விலை அதனிற் பன்மடங்கு. பின்னாண்டுகளிற் கார்வெட்டின் விலையும் ஏறிற்றெனினும், அந்த இடைவெளி மூடப்படவில்லை.

எவற்றை மாற்றினர் என்பதினும் எவற்றை மாற்றாது விட்டனர் என்பதே நம் கருத்தைக் கவர்ந்தது. நீண்ட தள்ளுகோல்களால் வால்வுகளைத் திறக்கும் பழைய அமெரிக்க முறையை யந்திரத்தில் விடவில்லை. அதனாற் செலவு குறைந்தது. யந்திரத்தின் உயரமும் குறைந்தது. கழற்றி வைக்கத்தக்க கூரையை விடவில்லை. கழற்றிய கூரையையோ, கோல்ப் விளையாட்டுப் பைகள் இரண்டையோ வைக்கத்தக்க டிக்கி யந்திரத்துக்குப் பின்னே வேண்டுமென்பதில் உறுதியாக நின்றனர். முன்னேயும் ஒரு சிறு பெட்டியறை அமைந்தது. கோல்ப் பைக்காகவா இத்தனை முயற்சி என நகைப்போர் நகைக்க. வார நாட்களில் அலுவலுக்கும், விடுமுறையில் மனைவியோடு நெடும்பயணத்துக்கும், வேண்டும்போது பந்தயத் தடத்துக்கும் ஒரே வண்டி பயன்பட வேண்டுமென்பதும், அது கோடீசுவரர் அல்லாதாரும் முயன்றால் வாங்கத்தக்கதாயிருக்க வேண்டுமென்பதும் கார்வெட்டுக்கும் அதனை வாங்குவோர்க்கும் இடையே நெடுநாளாய் நிலவும் ஓர் ஒப்பந்தம். பிற நாட்டு வண்டிகள் பலவற்றில் ஒரு துணிப்பையை வைக்கவும் இடமிராது. புதுவண்டியைச் செய்தோர் யந்திரத்தின் இடத்தைப் பெயர்த்தனர், ஒப்பந்தத்தைப் பெயர்க்கவில்லை. ஆகலின் அவர் செய்தது தக்கதே என்பது நம் அபிப்பிராயம்.

எதிர்த்துரைப்போர் கூற்றையும் நேர்மையாய் எடுத்துரைத்தல் கடன். அவர் சொல்வதாவது: கார்வெட் என்றால் நீண்ட மூக்கு, ஓட்டுவோன் பின்னச்சுக்கு அருகே தாழ அமர்ந்து, தன்முன் நெடுந்தூரம் விரிந்துகிடக்கும் பானெட்டைப் பார்த்து ஓட்டுவது அதற்கே உரிய இன்பம். அவ்வின்பம் போயிற்று, முகம் பிற நாட்டு வண்டிகளின் முகம்போலாயிற்று, சற்றுத் தொலைவிற் கண்டால் இன்னதென்று அறிய இயலாது. இவற்றுட் சாயலைப் பற்றிய குற்றச்சாட்டை நாம் மறுக்கமாட்டோம். பக்கவாட்டில் நோக்கினால், காற்றை உட்கொள்ளும் பெரிய வாய்களும் குறுகிய முகமும் எங்கோ கண்ட முகம்போல் தோன்றத்தான் செய்கின்றன. யந்திரத்தின் இடம் ஒன்றானால் உருவமும் ஏறக்குறைய ஒன்றாய் வருதல் இயல்பு. ஆயினும் 1963-இல் உலகெங்கும் காணாத உருவத்தை வடித்தவர் வழிவந்தோரிடம் நாம் இன்னும் சிறிது எதிர்பார்த்தோம்.

நீண்ட மூக்கைப் பற்றிய வாதமோ அத்துணை வலியுடையதன்று. 1953-இல் யந்திரம் முன்னே அமைந்தது யாரோ ஆய்ந்து தேர்ந்ததனாலன்று. குடும்ப வண்டியின் உறுப்புகள் அவ்வாறு கிடந்ததனால். அடுப்பங்கரை இருந்த இடத்தில் பின்னர்ப் பூசையறை வைத்தவர், முன்னோர் தீ வளர்த்த இடம் என்று அதற்குப் பெருமை கூறுவதுண்டு. அழகு இருந்ததென்பது மெய். விரதம் இருந்ததென்பது மெய்யன்று.

அவ்வாறெனின், டண்டோவ் விரும்பினார், ஆகவே செய்தோம் என்று கம்பெனியார் சொல்வது மட்டும் வலிய வாதமாகுமோ? நாம் அதனையும் ஏற்கவில்லை. அவர் உயிரோடிருந்த காலத்தில் அவர் கேட்டதைத் திரும்பத் திரும்ப மறுத்த அதே நிறுவனம், அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்குப் பின் அவர் பெயரையே முத்திரையாய்க் குத்தி வண்டியை விற்றது. பெரியோர் விரும்பினார் என்பதனால் ஒரு காரியம் நன்றாய்விடாது. பாரம் தரையைப் பற்றுகிறது, வலி வீணாகவில்லை, ஓட்டுவோன் சாலையைக் காண்கிறான் என்பதனாலேயே அது நன்றாகிறது. காரணம் கையிலிருக்கும்போது முன்னோர் படத்தை முன்னே நீட்டுதல் எற்றுக்கு?

மூன்றாம் மிதியைப் பற்றி மட்டும் நம் உள்ளம் அமைதியுறவில்லை. புதுவண்டியில் கிளச்சு மிதி இல்லை. கையாற் கியர் மாற்றும் கோலும் இல்லை. ட்ரெமெக் கம்பெனியார் செய்த, இரட்டைக் கிளச்சுகளும் எட்டுப் படிகளும் கொண்ட பெட்டி ஒன்றே கிடைக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் அது கியரை மாற்றிவிடுகிறது. எத்துணைத் தேர்ந்த ஓட்டியும் தன் இடக்காலால் அவ்விரைவை எய்தமாட்டான். வேண்டுமாயின் ஸ்டியரிங் சக்கரத்தின் பின்னுள்ள சிறு தகடுகளை விரலால் தட்டி மாற்றிக்கொள்ளலாம். கைக்கியரை விட்டதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பொய்யல்ல. கையாற் கியர் மாற்றும் வண்டியைக் கேட்போர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வந்தது. யந்திரம் பின்னே சென்றபின், கோலையும் பெட்டியையும் இணைக்க வண்டியின் முதுகெலும்பையே துளைக்க வேண்டியிருக்கும். இத்தனை சிலருக்காகப் புதுப்பெட்டி ஒன்றைச் செய்துதரவும் எவரும் முன்வந்திலர்.

இதற்கு மரபைக் காட்டி மறுப்போர், தாம் நிற்கும் கிளையையே வெட்டுகின்றனர். முதன்முதற் செய்த கார்வெட்டுகளில் மிதிகள் இரண்டே. கைக்கியர் 1955-இல்தான் வந்தது, அதுவும் சிலவற்றிலே. 1982-ஆம் ஆண்டு வண்டியிலும் கைக்கியர் கிடையாது. மரபே சான்றெனின், கிளச்சு இல்லாமையே ஆதி மரபு! ஆதலின் நாம் மரபின் பெயரால் வருந்தவில்லை. வருத்தத்தின் காரணம் வேறு. கிளச்சை மிதித்து, யந்திரத்தின் ஒலியைக் கேட்டு, தக்க நொடியிற் கோலைத் தள்ளுதல் ஒரு கைத்தொழில். அதனைப் பிழையாகச் செய்தால் வண்டி குலுங்கி ஓட்டுவோனை நாணச் செய்யும். செவ்வையாகச் செய்தால் வேறெவரும் அறியாத ஒரு மனநிறைவு உண்டாகும். புதுப்பெட்டி பிழை செய்வதில்லை. ஆகவே நாணமும் இல்லை, நிறைவும் இல்லை. அலுவலகத்துக்குச் செல்லும் வண்டிக்கு இது நன்மையே. ஓட்டுதற்கென்றே ஓட்டப்படும் வண்டியில் இதனை நன்மையென்று மட்டும் எழுத நம் கை எழவில்லை. யந்திரத்தின் இடமாற்றம் ஓட்டுவோன் செய்வதை வண்டி ஏற்குமாறு செய்தது. கிளச்சின் நீக்கமோ ஓட்டுவோன் செய்ததை வண்டியே செய்யுமாறு ஆக்கிற்று. இரண்டும் ஒரே நாளில் ஒரே வண்டியில் வந்தமையால் மக்கள் இரண்டையும் ஒன்றாகவே புகழ்ந்தனர், அன்றி ஒன்றாகவே இகழ்ந்தனர். பிரித்துப் பார்த்தல் நலம்.

சிறு குற்றங்களும் உள. ஓட்டுவோனுக்கும் அயலிருப்போனுக்குமிடையே மதில்போல் எழுந்த ஒரு நீண்ட வரம்பில், உள்ளே குளிரும் வெம்மையும் அமைக்கும் பொத்தான்களை ஒரே வரிசையாய்ப் பதித்திருந்தனர். கண்ணை அகற்றாமல் வேண்டியதைத் தொட இயலுமா என்பது ஐயம்; இருவர் செல்லும் வண்டியில் இருவரையும் பிரித்து வைக்கும் இம்மதில் எதற்கென்பதும் விளங்கவில்லை. ஸ்டியரிங் சக்கரமும் சதுரத்தை நாடுகிறது. சக்கரம் வட்டமாயிருத்தல் என்னும் பழமையையேனும் விட்டுவைத்திருக்கலாம்.

இத்தனை சர்ச்சைக்கும் இடையே, யார் பொருட்டு இம்மாற்றம் என்பதை மறத்தலாகாது. முந்திய வண்டியை வாங்கியோருட் பெரும்பாலோர் முதுமையை எட்டியவர். அவர்தம் இளமையில், பள்ளிப் பையனாய்க் கடைவீதியிற் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கார்வெட்டைப் பார்த்தவர்கள். வாழ்நாள் முழுதும் உழைத்து, நரைத்தபின் அதனை வாங்கியவர்கள். அவர் நெஞ்சிலிருந்த உருவத்தை மாற்றுவது அவர்க்கு ஒரு வகையில் இழைக்கும் தீங்கே. இதனை எளிதாய்க் கடந்து செல்வோரோடு நாம் உடன்படோம். ஆனால் இன்றைய பையன் கண்ணாடியில் மூக்கை ஒட்டாவிடின், இன்னும் நாற்பதாண்டிற்குப் பின் அவ்வண்டியை வாங்க எவரும் இரார். பௌலிங் கிரீன் தொழிலாளர்க்கு வேலையும் இராது. பழையவர் அன்பைக் காத்து வண்டியை இழப்பதா, வண்டியைக் காத்து அவர் அன்பிற் சிறிது இழப்பதா என்ற நெருக்கடி அங்கே இருந்தது. பின்னிகழ்ந்ததைப் பார்த்தால் அன்பும் அவ்வளவாக இழக்கப்படவில்லை. 2019-ஆம் ஆண்டின் வேலைநிறுத்தமும் 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றும் தொழிலைத் தடுத்தபோதும் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர் பலர். அவருள் பழைய கார்வெட்டுகளை வீட்டில் வைத்திருந்தவரும் பலர். 2023-ஆம் ஆண்டின் வகையில் 53 ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பெற்று, 1979-இன் எண்ணிக்கையை ஏறத்தாழ எட்டின. இம்முறை வலியிழந்து நின்றன்று.

அதன்பின்னும் மாற்றம் ஓயவில்லை. முன்சக்கரங்களை மின்சார மோட்டாராற் சுழற்றும் கார்வெட் ஒன்று 2024-ஆம் ஆண்டின் வகையாய் வந்தது. இதற்கும் கூக்குரல் எழுந்ததென்று சொல்லவேண்டுவதில்லை.

2024-ஆம் ஆண்டு ஜூலையில் வெளிப்பட்ட பெருவலி வண்டியைச் சொல்லி முடிப்போம். 5.5 லிட்டர் யந்திரம். புகையின் விசையாற் சுழன்று காற்றை அழுத்தும் கருவிகள் இரண்டு. சக்தி 1,064 குதிரைச்சக்தி. 1953-இன் வெள்ளை வண்டியை எண்ணுங்கால் ஏழு மடங்குக்கு மேல். இதன் கூரையுள்ள வகையின் பின்புறத்தைக் கண்டோர் ஒரு கணம் திகைத்தனர். டண்டோவ் வெறுத்து, 1964-இல் நீக்கப்பட்ட முதுகெலும்பு பின்கண்ணாடியைப் பிளந்துகொண்டு மீண்டும் அங்கே நின்றது. ஆனால் இம்முறை கண்ணாடிக்குக் கீழே இருப்பது யந்திரம். பிளவின் வழியே அதன் வெப்பம் வெளியேறுகிறது. பின்வருவதைக் காட்டும் வேலையை ஒரு காமிரா ஏற்றுக்கொண்டது. மிட்செல் அழகுக்காகக் கேட்டதும் டண்டோவ் காரியத்துக்காகக் கேட்டதும் ஒரே வண்டியில் வந்துசேர அறுபத்தோராண்டு சென்றிருக்கிறது. இருவரில் எவரும் அதனைக் காண இருந்திலர்.